உதிர்ந்த முடி எங்கே போனது

எண்ணெய் காய்ச்சும் பக்குவத்தை என்னிடம் கேட்காதீர்கள். அது இந்த வைத்தியசாலையின் அடுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. கரிசலாங்கண்ணி எவ்வளவு, நெல்லிக்காய்ச் சாறு எவ்வளவு, எந்த வாசனை வந்ததும் இறக்குவது என்பதெல்லாம் இரண்டு மாதத்தில் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். எனக்கே வந்தது, உங்களுக்கு வராமல் போகாது. நாற்பது வருடம் பெண்களின் தலையையும் சாப்பாட்டையும் பார்த்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்தவளை மெனக்கெட்டுக் கூட்டிவந்து நாற்காலி போட்டிருக்கிறீர்கள். அந்த மரியாதைக்காக, நான் கெட்டிக்காரத்தனம் செய்த கதைகளை விட்டுவிட்டு, தப்புச் செய்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

இந்தக் கதையில் நான் கொடுத்த எண்ணெய் நல்ல எண்ணெய். நான் சொன்ன சாப்பாடும் நல்ல சாப்பாடுதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். அந்த இரண்டையும் நம்பித்தான் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி சாவுக்குப் பக்கத்தில் போனாள்.

அறுபதுகளின் கடைசி வருடங்கள். எனக்கு இருபத்தாறு வயது. தாமலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சித்த வைத்தியசாலையில் வேலைக்கு இருந்தேன். ஆண் வைத்தியர் முன்னால் பின்னலைப் பிரித்துக் காட்டவும் மாதவிலக்கைப் பற்றிச் சொல்லவும் பெண்கள் கூசுவார்கள் என்பதற்காக வைத்தியர் என்னை வைத்துக்கொண்டார். முடி உதிர்கிறது, பொடுகு, இளநரை என்று வருகிற பெண்களை எல்லாம் நான்தான் பார்ப்பேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே வைத்தியர் மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தார். "இன்னா சாப்புடறேன்னு கேளு. வயிறு ஒழுங்கா போவுதான்னு கேளு. உதிர்ந்த முடி எங்கேன்னு கேளு. இந்த மூணுக்கும் பதில் வராம எண்ணெய் பாட்டில தொடாதே" என்றார்.

முதல் இரண்டும் உங்களுக்கும் தெரியும். மூன்றாவதுதான் உங்களுக்குப் புதிதாக இருக்கும். அந்தக் காலத்தில் சீப்பில் வருகிற முடியை யாரும் எறியமாட்டார்கள். விரலில் சுற்றிச் சுருளாக்கி, ஓட்டுச் சந்தில் செருகிவைப்பார்கள். ஊசி, பாசிமணி விற்கிற பெண் மாதம் ஒருமுறை தெருவுக்கு வருவாள். முடியை வாங்கிக்கொண்டு நாலு கொண்டை ஊசி கொடுப்பாள். அந்த முடிதான் பிறகு யாருக்கோ பின்னலில் சேர்த்துக்கொள்ளும் சவுரியாகும். அதனால் எந்த வீட்டிலும் ஒரு மாத முடி பத்திரமாக இருக்கும். அதைக் கொண்டுவரச் சொல்லி, வெள்ளைக் காகிதத்தில் பிரித்துப் போட்டுப் பார்ப்பார் வைத்தியர். வேரோடு வந்ததா, நடுவில் ஒடிந்ததா, குட்டை முடி எத்தனை, நீள முடி எத்தனை என்று ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பார். பாதிப் பேருக்கு அதைப் பார்த்துவிட்டே, "உனக்கு ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் உதிர்றதுதான்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மூன்று வருடத்தில் என் கைக்குப் பேர் வந்துவிட்டது. "அந்த தாமல்காரம்மா எண்ணெய்" என்று கேட்டு வந்தார்கள். பேர் வந்ததும் என் கேள்விகள் குறைந்தன. முதலில் விட்டது மூன்றாவது கேள்வியைத்தான். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்து வந்த ஒருத்தியை வீட்டுக்குத் திரும்பிப் போய் முடியைக் கொண்டுவா என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பார்த்தாலே தெரிகிறது, கேட்பானேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வனஜா அப்படி வந்தவள்தான். அப்பா ஏகாம்பரம் பட்டு நெசவாளர், வீட்டிலேயே இரண்டு தறி. அம்மா தனபாக்கியம்தான் அவளைக் கூட்டிவந்தாள். பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. ஆனால் பின்னலைப் பிரித்தால், இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. நகமும் வெளுப்பு.

"இன்னா சாப்புடற?" என்று கேட்டேன்.

"ரெண்டு வாய்க்கு மேல எறங்கலக்கா. ரொம்பிடுது" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள் என்பதை நினைவில் வையுங்கள். எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ரத்தம் இல்லை, சாப்பாடு இல்லை, அதனால் முடி போகிறது என்று மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். எண்ணெய் கொடுத்தேன். வாரம் இரண்டு நாள் தலைக்கு ஊற்றி, சீயக்காயோடு வெந்தயம் அரைத்துத் தேய்க்கச் சொன்னேன். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, மோர், கிடைத்தால் நெல்லிக்காய் என்று சாப்பாட்டையும் சொன்னேன். அரிசிக்கு ரேஷன் கடையில் கால் கடுக்க நின்ற வருடங்கள் அவை. கேழ்வரகு என்றதும் தனபாக்கியத்தின் முகம் தெளிந்தது.

ஒன்றரை மாதம் கழித்து இரண்டாம் முறை வந்தார்கள். காதுக்கு மேலே தோல் இன்னும் அகலமாகத் தெரிந்தது. பெண் இன்னும் மெலிந்திருந்தாள். என் எண்ணெய் வேலை செய்யவில்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. பழியைத் தூக்கி அந்த அம்மாவின் தலையில் போட்டேன்.

"வயசுப் பொண்ண பட்டினி போட்டுக்கினு எண்ணெயில முடி வளருன்னா எப்டிம்மா வளரும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

தனபாக்கியம் பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனாள். அன்றைக்கு ராத்திரியே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். களியை உருட்டி உருட்டி வாயில் திணித்திருக்கிறாள். நான்கு பேர் முன்னால் அவமானப்பட்ட தாய் வேறு என்ன செய்வாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருக்கும். ஒரு புதன்கிழமை நண்பகல். வைத்தியர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மெட்ராஸ் போயிருந்தார், மறுநாள்தான் வருவார். தனபாக்கியம் தனியாக வந்தாள். வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே வந்து, என் முழங்கையைப் பிடித்து மருந்தறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"வவுத்த கழுவ மருந்து குடும்மா."

"யாருக்கு?"

"வனஜாவுக்கு. காலைல எந்திரிச்சா வாந்தி. துன்னது ஒண்ணும் நிக்கல. மூணு மாசமா தூரமாவல, தலைக்கு ஊத்திக்கல. வவுறு உப்பிக்கினு வருது. கைய வெச்சா கட்டியா தெரியுது." அவள் அழவில்லை. கண் காய்ந்துபோயிருந்தது. "வெள்ளிக்கிழமை ஆரணிலேர்ந்து நிச்சயம் பண்ண வராங்க. நாளைக்குள்ள ஆவணும்."

"பொண்ண கேட்டீங்களா?" என்றேன்.

"இத எப்டிம்மா வாயத் தொறந்து கேக்கறது? அவ அண்ணன் கேட்டா வெட்டிப்புடுவான்."

மருந்து இல்லை என்றேன். அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு, தெரிந்த ஒருத்தி ஏதோ வேர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். கிளம்பும்போதே அதை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள். அது பொல்லாத மருந்து என்று அவளே பயந்துதான், கொஞ்சம் நல்ல மருந்தாக என்னிடம் கேட்கலாமென்று வந்திருக்கிறாள்.

இங்கேதான் நான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்த யோசனை, மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு ஒரு வெறும் கஷாயத்தைக் கொடுத்து இவளை அனுப்பிவிடலாம் என்பதுதான். நாளைக்கு வைத்தியர் வந்துவிடுவார். என் தலைக்கு ஒன்றும் வராது. அலமாரியிலிருந்து சுக்கு டப்பாவை எடுத்தும் விட்டேன். அப்போதுதான், துன்னது ஒண்ணும் நிக்கல என்று அவள் சொன்னது உறைத்தது. வாந்தி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"நீ திட்டினியேம்மா, அன்னிலேர்ந்துதான். நான் தெனம் ஊட்டுறேன், அவ தெனம் எடுக்கறா" என்றாள்.

டப்பாவை வைத்துவிட்டேன். வெளியே நின்றவர்களை நாளைக்கு வரச் சொல்லிக் கதவைப் பூட்டினேன். அந்த வைத்தியசாலையை வேலை நேரத்தில் நான் பூட்டியது அந்த ஒரு நாள்தான். ரிக்‌ஷாவில் பிள்ளையார்பாளையம் போனோம். திட்டினது நான், ஊட்டினது அவள், வாந்தி எடுத்தது வனஜா என்பதே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் அண்ணன் குப்புசாமி நின்றிருந்தான். இருபத்துமூன்று வயதிருக்கும். அம்மாவோடு ஓர் அந்நியப் பெண் இறங்குவதைப் பார்த்ததும் அவன் தாடை இறுகிற்று. அடுப்பில் கொதிப்பது எதற்கு என்று அவன் அதற்குள் ஊகித்திருந்தான். உள்ளே முன்தறியில் ஏகாம்பரம் தறிக்குழியில் கால் விட்டு நெய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. குறுக்கிழை கோக்கிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற சத்தம் மட்டும் நிற்காமல் வந்தது. வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பது அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது.

பின்தறியில் வனஜா பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்; நெய்து முடிந்த பழைய பாவின் நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்க்கிற வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று தவறினாலும் புடவையில் கோடு விழும்.

அடுப்பிலிருந்து கசப்பு நாற்றம் வந்தது. "கால் மணி நேரம் குடும்மா" என்று தனபாக்கியத்திடம் கேட்டேன். "அதுவரைக்கும் அத எறக்காதே."

"அப்புறம் இன்னா பண்ணப் போற?" என்றான் குப்புசாமி. "நீ டாக்டரா?"

"டாக்டர் இல்லப்பா" என்றேன். எனக்கே அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது மனிதர்கள் பழக்கத்துக்குத் திரும்புவார்கள். மூன்று வருடம் முன்பு கற்றுக்கொண்டு பாதியில் விட்ட பழக்கம் எனக்கு அப்போது வாயில் வந்தது.

"வனஜாவோட உதிர்ந்த முடி எங்கேம்மா இருக்குது?"

தனபாக்கியம் என்னைப் பைத்தியம்போலப் பார்த்தாள். ஆனாலும் ஓட்டுச் சந்தில் கை விட்டு ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தாள். பாதி நரைத்த முடி.

"இது உங்களுது. அவளுது?"

"அவ முடி இருக்காது."

"இருக்காதுன்னா?"

"அவ முடி வூட்ல கெடக்காதும்மா. பட்டுல முடி வுழக் கூடாதுன்னு சின்ன வயசுலேர்ந்தே அவளுக்குப் பழக்கம்."

சீப்பைக் கேட்டேன். மரச்சீப்பு. பல்லிடுக்கில் ஒரு முடி இல்லை. மூலையில் இருந்த துடைப்பத்தைத் திருப்பிப் பார்த்தேன். தலை முழுகும் இடத்துச் சாக்கடை வாயைப் போய்ப் பார்த்தேன். எங்கும் இல்லை. காதுக்கு மேலே உள்ளங்கை அகலம் போயிருக்கிறது, கண்ணுக்கு முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், போன முடி வீட்டில் எங்கும் இல்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

வனஜாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சுக் கொடுக்கவில்லை. அவள் வேலையைப் பார்த்தேன். இரண்டு கையும் இழையில். மிச்ச நுனி நீட்டிக்கொண்டிருந்தால் குனிந்து பல்லால் கடித்து எடுத்தாள், துப்பவில்லை. பத்து இழை போயிருக்கும். இடது கை மெல்ல மேலே போய் காதுக்கு மேலே ஒரு முடியைப் பிடித்தது, சுண்டிற்று, வாய்க்குள் போட்டது, இழைக்குத் திரும்பிற்று. கண் பாவிலேயே இருந்தது. அவள் அதைச் செய்தது அவளுக்கே தெரியாது.

"வனஜா, துப்பு" என்றேன்.

திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"எவ்ளோ நாளா?"

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "பன்னெண்டு வயசுலேர்ந்துக்கா" என்றாள் மெதுவாக. "ஒருவாட்டி என் முடி ஒண்ணு பாவுல வுழுந்து நெசவுல சேந்துடுச்சி. கூரைப் பொடவ அது. கல்யாணப் பொடவைல முடி இருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பா ரெண்டு நாள் சோறு துன்னல. அந்த முடிய இழையோட நான்தான் பல்லால கடிச்சி எடுத்து முழுங்கினேன். அதுலேர்ந்து வுழற முடிய வாய்ல போட்டுக்குவேன். ரெண்டு கையிலயும் பட்டு இருக்குதில்ல."

"துப்பிட வேண்டியதுதானே?"

"பாவு பக்கத்துல துப்பலாமாக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு அது அவ்வளவு சாதாரணமான விஷயமாக இருந்தது. "அப்புறம் வுழாத முடிக்கும் கை தானா போவ ஆரம்பிச்சிடுச்சி. நிறுத்த முடியல."

அவளைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கட்டி இடது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து நடுவயிறு வரை இறங்கியிருந்தது. கெட்டியாக, தள்ளினால் நகர்வதாக இருந்தது. பிள்ளை என்றால் அடிவயிற்றிலிருந்து மேலே வர வேண்டும். அடிவயிறு ஒட்டிக் கிடந்தது. நான் மருத்துவச்சி இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் நாலு பிள்ளை பெற்ற எங்கள் அம்மாவைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். வனஜாவின் காதோடு வாய் வைத்துக் கேட்க வேண்டியதையும் கேட்டேன்.

"அய்யோ, இல்லக்கா" என்றாள். "அம்மா என்ன கேக்கவே இல்லக்கா. கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன்."

நிமிர்ந்தபோது சமையற்கட்டில் குப்புசாமி அம்மாவை அதட்டுவது கேட்டது. கால் மணி நேரம் ஆகிவிட்டதாம். தனபாக்கியம் சட்டியை இறக்கி டம்ளரில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். அடைத்துக் கிடக்கிற வயிற்றுக்குள் பேதியும் வாந்தியும் கிளப்புகிற வேர் போனால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. ஓடிப்போய் டம்ளரைத் தட்டிவிட்டேன். சட்டியை வெறும் கையால் தூக்கிக்கொண்டு போய்ப் புழக்கடைச் சாக்கடையில் கொட்டினேன். இந்தக் கட்டைவிரல் தழும்பு அன்று வந்ததுதான்.

குப்புசாமி எனக்கு நேராக வந்து நின்றான். கை ஓங்கியிருந்தது.

"இது புள்ள இல்ல" என்றேன். "ஆறு வருசமா முடியும் நூலும் முழுங்கியிருக்கா. அது வவுத்துல கட்டியா சேந்துக்கினு இருக்குது. சோத்துக்கு எடமில்ல. அதான் வாந்தி. ரத்தம் இல்ல, அதான் தூரம் நின்னுபோச்சி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"முடி துன்னா வவுறு வீங்குமா? யாருகிட்ட கதை வுடற?" என்றான். "கல்யாணம் ஆவாத பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா தெரு இன்னா பேசும்? ஆரணிக்காரங்களுக்கு நீ வந்து பதில் சொல்லுவியா?"

"சொல்றேன்."

"அங்க போய் புள்ளன்னு சொல்லிட்டா?"

எனக்கு உறுதியாகத் தெரியாது. இதை உங்களிடம் சொல்வதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உறுதி என்பது அந்த நிமிஷத்தில் யாருக்கும் கிடைக்காது. நான் நினைத்தது தப்பாக இருந்தால் என் பேர் கெடும், வேலை போகும், தாமலுக்குத் திரும்பிப் போய் நாற்று நட வேண்டியிருக்கும். நான் நினைத்தது சரியாக இருந்து வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டால் அந்தப் பெண் செத்துப்போவாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் பயம் போகவில்லை, ஆனால் நாக்கு எழும்பிற்று.

"புள்ளன்னு சொல்லிட்டா என்ன இதே தெருவுல நிக்க வெச்சி கேளு" என்றேன்.

முன்தறியில் நாடாச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. ஏகாம்பரம் குழியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். பெண் சொன்னது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. மகனைப் பார்த்து, "வண்டி கூப்புடு" என்றார். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வண்டிய கூப்புடுறா" என்று மறுபடி சொன்னார். குப்புசாமி தெருவுக்கு ஓடினான்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே கர்ப்பம் இல்லை என்றார். தனபாக்கியம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முடியைப் பற்றிச் சொன்னதை டாக்டர் சிரிக்காமல் கேட்டார். பேதிக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். "கொடுத்திருந்தீங்கன்னா இங்க வந்திருக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டுச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே போனோம். மூன்று நாள் குளுக்கோஸும் ரத்தமும் ஏற்றிய பிறகுதான் கத்தி வைத்தார்கள். ஆபரேஷன் நடந்த அன்று ஏகாம்பரமும் நானும் வராந்தாவில் நின்றோம். நான் எனக்குத் தெரிந்த எல்லா சாமிக்கும் வேண்டிக்கொண்டேன். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியாது, சுவரைப் பார்த்து நின்றார்.

பெண் பிழைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு, டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினார். இரண்டு கை சேர்த்தால் கொள்ளாத அளவு கட்டி. இரைப்பை எப்படி வளைந்திருக்குமோ அப்படியே வளைந்திருந்தது. நடுவில் வெட்டிப் பிளந்து வைத்திருந்தார்கள். கறுப்பு முடி. அதற்கு நடுவே அடுக்கடுக்காக நிறம் நிறமாகப் பட்டு இழைகள்.

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். நிறம் மங்கியிருந்தாலும் அவருக்குப் புரிந்தது. வெளிப்பக்கம் இருந்த இழையைக் காட்டி, "இது போன மாசம் அறுத்தது" என்றார். கொஞ்சம் உள்ளே காட்டி, "இந்தப் பச்ச, வந்தவாசிக்காரங்களுக்கு நெய்ஞ்சது. இந்த மஞ்ச, போன வருசம் தையில" என்றார். விரல் உள்ளே உள்ளே போய், நடுவில் முடியோடு முடியாகச் சுருண்டிருந்த ஒரு சிவப்பில் வந்து நின்றது.

"இது அந்தக் கூரைப் பொடவ" என்றார். "திரும்பி வந்தது."

தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அந்த மனிதர் ஆறு வருடம் முன்பு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. பெண்ணை ஒரு வார்த்தை திட்டினதுகூட இல்லை. நானும் அழுதேன், அவருக்காகவும் எனக்காகவும்.

வைத்தியர் மெட்ராஸிலிருந்து திரும்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பாராட்டுவார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. "மொதல் நாளு முடிய கேட்டியா?" என்றார். இல்லை என்றேன். "நீ போவலன்னா செத்திருப்பா. நீ கேட்டிருந்தா வவுத்த அறுத்திருக்க வேணாம். ரெண்டையும் மறக்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று.

ஆரணி சம்பந்தம் நின்றுபோயிற்று. நானே போய் விவரம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார்கள், மோர் கொடுத்தார்கள், பிறகு ஆளையே காணோம். வனஜா வீடு திரும்பியதும் முதல் வாரம் கஞ்சித் தெளிவும் பருப்புத் தண்ணீரும்தான். அப்புறம் குழைந்த சோறு, கீரை, கேழ்வரகு. நான் முன்பு சொன்ன அதே சாப்பாடு, இப்போது இறங்குவதற்கு இடம் இருந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு பாவு பிணைக்கச் சொன்னேன். வாய் சும்மா இருந்தால் கை மேலே போகும் என்பதற்காக, உட்காரும்போதெல்லாம் வாயில் ஒரு நெல்லிக்காய் வற்றலை அடக்கிக்கொள்ளச் சொன்னேன். அந்தத் துணியைத் தினமும் காலையில் ஏகாம்பரம்தான் அவளுக்குக் கட்டிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு காலை வேளை, வைத்தியசாலையில் நல்ல கூட்டம். வரிசையில் நின்று தன் முறை வந்ததும் ஒரு பெண் எதிரில் உட்கார்ந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்ததால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அவள் தலையைக் காட்டவில்லை, எண்ணெய் கேட்கவில்லை. காலண்டர் தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பிரித்தேன். உள்ளே சுருள் சுருளாகக் கறுப்பு முடி.

"ஒரு மாசத்துதுக்கா" என்றாள் வனஜா. "சீப்புல வந்தது, தலை முழுகும்போது வந்தது, பாவு கிட்ட வுழுந்தது, எல்லாம் இதுல இருக்குது. ஒண்ணுகூட உள்ள போவல."

வெள்ளைக் காகிதத்தை விரித்தேன். சுருளைப் பிரித்து, ஒவ்வொரு முடியாக நகர்த்திப் பார்த்தேன். எல்லாருக்கும் உதிர்கிற அளவுதான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நேரமாகிறது என்று ஒருத்தி சத்தம் போட்டாள். கடைசி முடிவரை பார்த்து முடிக்கிறவரைக்கும் அவர்களைக் காக்கவைத்தேன்.